சர்ச்சைக்குரிய நட்சத்திரக் குவாட்டர்பேக்கை அணி வாங்கலாமா? வாட்சன் பரிமாற்றத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

ஒரு பெரிய குவாட்டர்பேக் (பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர்) மீது வழக்கோ புகாரோ இருக்கும் நேரத்தில் அவரைத் தங்கள் அணி வாங்கலாமா என்ற பேச்சு எழுந்தால், அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். திறமை இருந்தால் போதும், மற்றதைப் பற்றி நமக்கென்ன என்பது ஒரு கட்சி. இப்படிப்பட்டவர் நம் அணியின் சட்டையைப் போடவே கூடாது என்பது மறு கட்சி. இரு தரப்பும் உரக்கப் பேசுகின்றன. ஆனால் அணி எதைக் கொடுத்து எதை வாங்குகிறது, வாங்கியது சரியாக அமையாவிட்டால் அதிலிருந்து வெளியே வர வழி இருக்கிறதா என்பதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. அந்தக் கணக்கு புரியாமல் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல முடியாது.

அந்தக் கணக்கை இந்த விளையாட்டுக்குப் புதியவர்களும் புரிந்துகொள்ளும்படி விளக்குவதற்காக, ஒரே ஒரு நிகழ்வை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2022 மார்ச் 18 அன்று, கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி, ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணியிடமிருந்து டெஷான் வாட்சன் என்ற குவாட்டர்பேக்கைப் பெற்றுக்கொள்ள உடன்பாடு கண்டது. மசாஜ் சிகிச்சைக்கு வந்த இடத்தில் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டார் என்று 22 பெண்கள் தொடுத்த வழக்குகள் அப்போது அவர் மீது நிலுவையில் இருந்தன. அவர் அவற்றை மறுத்துவந்தார். அந்தப் பரிமாற்றம் நடந்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பின்னாளில் அவருக்கு நேர்ந்த காயங்களை வைத்து இதைச் சொல்லவில்லை. அன்று கையெழுத்தான தாளில் இருந்த விவரங்களே அதற்குப் போதுமானவை.

ஒரே ஓர் ஆட்டக்காரருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு

இங்கே பேசப்படுவது காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் கிடைக்கும்; அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள். ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியும் குவாட்டர்பேக்கின் கையில் பந்து வந்து சேர்வதோடு தொடங்குகிறது. தன்னை வீழ்த்த ஓடிவரும் எதிரணியினர் நெருங்குவதற்கு முன், பெரும்பாலும் மூன்று வினாடிகளுக்குள், அவர் களத்தைப் பார்த்து யாருக்கு எறிவது என்று முடிவெடுத்து எறிந்தாக வேண்டும். களத்தில் ஓர் அணிக்குப் பதினொரு பேர் இருந்தாலும் இந்தப் பொறுப்புக்கு ஒருவர்தான்.

என்எஃப்எல் எனப்படும் தொழில்முறை லீக்கில் 32 அணிகள் இருக்கின்றன. இந்த வேலையை ஆண்டுதோறும் நம்பி ஒப்படைக்கக்கூடியவர்கள் 32 பேர் எக்காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே நல்ல குவாட்டர்பேக் கிடைத்த அணி அவரை விடுவதில்லை. கிடைக்காத அணி ஒவ்வோர் ஆண்டும் தேடுகிறது. கிளீவ்லாந்து இரண்டாம் வகை. 1999-இல் அந்த அணி மீண்டும் களத்துக்கு வந்ததிலிருந்து 2022 வரை முப்பதுக்கும் மேற்பட்டோர் அங்கே தொடக்கக் குவாட்டர்பேக்காக இறங்கியிருந்தார்கள். 2018-இல் கல்லூரி ஆட்டக்காரர்களிலிருந்து முதல் தேர்வாக வந்த பேக்கர் மேஃபீல்ட், 2020 பருவத்தில் 11 வெற்றிகளோடு அணியைப் பிளே-ஆஃப் சுற்றுக்குக் கொண்டுசென்று பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸை வீழ்த்தினார். 1994 பருவத்துக்குப் பிறகு அந்த ஊர் பார்த்த முதல் பிளே-ஆஃப் வெற்றி அது. அடுத்த ஆண்டு அவர் தோள் காயத்தோடு ஆட, அணி சரிந்தது. நிர்வாகம் பொறுமை இழந்தது.

வாட்சனோ 2020 பருவத்தில் 4,823 யார்டு எறிந்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தவர். பரிமாற்றத்தின்போது அவருக்கு வயது 26. இந்த வயதில், இந்தத் தரத்தில் ஒரு குவாட்டர்பேக் விற்பனைக்கு வருவது மிக அரிது. ஹூஸ்டன் நிர்வாகத்தின் மீது அதிருப்தி கொண்டு, புகார்கள் வெளிவருவதற்கு முன்பே, 2021 ஜனவரியில் அவர் வேறு அணிக்கு மாற்றக் கேட்டிருந்தார். மார்ச்சில் வழக்குகள் வரத் தொடங்கின. அந்த ஆண்டு முழுவதும் அவர் ஆடவில்லை. அவர் சாதனை படைத்த அதே 2020-இல் ஹூஸ்டன் 4 ஆட்டங்களில் வென்று 12-இல் தோற்றது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மிகச் சிறந்த குவாட்டர்பேக் ஒருவரால்கூட, சுற்றி ஆள் இல்லாவிட்டால் அணியைக் கரைசேர்க்க முடியாது.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது: இந்த இடத்துக்கு ஆள் பஞ்சம் உண்டு, ஆகவே ஆசை நியாயமானது, ஆனால் அந்த ஒருவரை வாங்குவதற்காக மற்ற ஐம்பது பேருக்கான வழியை அடைத்துக்கொள்ளும் அணிக்கு அவரால் பெரிதாகப் பயன் இராது.

முதல் விலை: வரப்போகும் இளைஞர்கள்

பரிமாற்றம் என்பது ஒரு வீரரின் ஒப்பந்தத்தை ஓர் அணி இன்னோர் அணிக்கு மாற்றிக் கொடுத்து, பதிலுக்கு வீரர்களையோ டிராஃப்ட் உரிமைகளையோ பெறுவது. டிராஃப்ட் என்பது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்ச்சி. ஏழு சுற்றுகள் உண்டு. முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்குச் சுற்றின் தொடக்கத்தில் வாய்ப்பு. அந்த வாய்ப்பையே டிராஃப்ட் உரிமை என்கிறோம். அதை விற்கலாம், மாற்றலாம், சேர்த்தும் பிரித்தும் பேரம் பேசலாம்.

அந்த உரிமையின் மதிப்பு அதில் வரும் இளைஞரின் திறமையில் மட்டும் இல்லை என்பது பலருக்கும் தெரிவதில்லை. 2011-இல் வீரர் சங்கத்துக்கும் லீக்குக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, புதியவர்களின் சம்பளம் அவர்கள் தேர்வான இடத்தைப் பொறுத்து ஏறத்தாழ முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிறது. முதல் சுற்றில் வந்தவரை நான்கு ஆண்டுகள் குறைந்த சம்பளத்தில் வைத்துக்கொள்ளலாம். விரும்பினால் ஐந்தாம் ஆண்டுக்கும் நீட்டிக்கலாம். அவர் பெரிய வீரராக வளர்ந்துவிட்டால், சந்தை விலையில் சிறு பங்குக்கு அவருடைய உழைப்பு அணிக்குக் கிடைக்கிறது.

கிளீவ்லாந்து கொடுத்தவை 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகள், 2023-இன் மூன்றாம் சுற்று உரிமை, 2022, 2024 ஆண்டுகளின் நான்காம் சுற்று உரிமைகள். வாட்சனோடு திரும்பப் பெற்றது 2024-இன் ஆறாம் சுற்று உரிமை ஒன்று மட்டும். ஹூஸ்டன் இவற்றை என்ன செய்தது என்பதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கிளீவ்லாந்து கொடுத்த 2023 முதல் சுற்று உரிமை 12-ஆவது தேர்வாக அமைந்தது. அதையும் வேறு சில உரிமைகளையும் அரிசோனாவுக்குக் கொடுத்து, மூன்றாவது தேர்வுக்கு ஏறிவந்து வில் ஆண்டர்சனை எடுத்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. வாட்சன் இல்லாத பருவத்தில் தோற்றுத் தோற்றுப் பெற்ற தங்கள் சொந்த உரிமையில், இரண்டாவது தேர்வாக, சி.ஜே. ஸ்ட்ரவுட் என்ற குவாட்டர்பேக்கையும் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் விலை: உச்சவரம்புக்குள் இடம்

டிராஃப்ட் உரிமைகளைக் கொடுத்ததோடு செலவு முடிந்துவிடவில்லை. உண்மையில் அது சிறிய பகுதிதான். என்எஃப்எல்-இல் சம்பள உச்சவரம்பு உண்டு. ஓர் ஆண்டில் ஒரு தனி அணி வீரர்களின் சம்பளக் கணக்கில் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று லீக் விதிக்கும் எல்லை அது. 2022-இல் அது 20.82 கோடி டாலர். உரிமையாளர் எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும் இந்த எல்லையை மீற முடியாது. 53 பேர் கொண்ட அணியை இந்தப் பணத்துக்குள் அமைத்தாக வேண்டும்.

மாத வருமானம் மாறாத, கைமாற்றுக்கும் வழியில்லாத ஒரு குடும்பம், சக்திக்கு மீறிய விலையில் தவணைக்கு ஒரு கார் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டுத் தவணை மிகக் குறைவு. பிறகு ஏறிக்கொண்டே போகும். நடுவில் கார் பழுதாகிக் கொட்டகையில் கிடந்தாலும் தவணை நிற்காது. சரி, இதைத் தலைமுழுகிவிடலாம் என்று விற்கப் போனால், மீதித் தவணை அத்தனையையும் ஒரே மாதத்தில் கட்டச் சொல்கிறார்கள். அந்த மாதம் மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பணம் இராது. என்எஃப்எல் ஒப்பந்தக் கணக்கு ஏறத்தாழ இப்படித்தான் நடக்கிறது.

இப்போது அதன் உண்மையான இயக்கத்தைப் பார்க்கலாம். ஒரு வீரருக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு வகை உண்டு. அந்தந்த ஆண்டு ஆடுவதற்காகக் கொடுப்பது அடிப்படைச் சம்பளம். அது அந்த ஆண்டின் கணக்கிலேயே ஏறும். ஒப்பந்தம் போடும்போது முன்னதாகக் கொடுப்பது கையெழுத்துத் தொகை; பணம் வீரரின் கைக்கு உடனே போய்விட்டாலும், உச்சவரம்புக் கணக்கில் அதை ஐந்து ஆண்டுகள் வரை சமமாகப் பிரித்து எழுதிக்கொள்ளலாம்.

வாட்சனுக்குக் கிளீவ்லாந்து கொடுத்தது ஐந்து ஆண்டுகளுக்கு 23 கோடி டாலர். இதில் கையெழுத்துத் தொகை ஏறக்குறைய 4.5 கோடி. முதல் ஆண்டு அடிப்படைச் சம்பளம் வெறும் 10,35,000 டாலர். அடுத்த நான்கு ஆண்டுகளுக்கும் ஆண்டுக்கு 4.6 கோடி. 4.5 கோடியை ஐந்தாகப் பிரித்தால் ஆண்டுக்கு 90 லட்சம். ஆகவே 2022 கணக்கில் அவருக்காக ஏறியது சுமார் ஒரு கோடி டாலர் மட்டுமே. உச்சவரம்பில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. 2023-இலோ 4.6 கோடியும் 90 லட்சமும் சேர்ந்து 5.5 கோடி ஆகும். அந்த ஆண்டின் உச்சவரம்பு 22.48 கோடி, அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கு ஒரே ஆளுக்கு.

அதைத் தாங்க முடியாமல், 2023-இல் அவருடைய அடிப்படைச் சம்பளத்தில் ஏறக்குறைய 4.5 கோடியைக் கையெழுத்துத் தொகைபோல் மாற்றி, வரும் ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதினார்கள். ஒப்பந்தக் காலத்துக்குப் பிந்தைய, அவர் ஆடப்போகாத ஓர் ஆண்டையும் அதற்காகக் கணக்கில் சேர்த்தார்கள். 2024-இல் அதையே மறுபடியும் செய்தார்கள். அந்தந்த ஆண்டு மூச்சுவிட இடம் கிடைத்தது உண்மை. ஆனால் பின்னால் வரும் ஆண்டுகளின் சுமை கூடிக்கொண்டே போனது. இந்த இரண்டு மாற்றங்களுக்குப் பிறகு 2025-க்கு அவர் பெயரில் நின்ற தொகை 7.29 கோடி டாலர்.

ஒரு வீரரை விடுவித்துவிட்டால், அதுவரை கணக்கில் எழுதாமல் ஒத்திவைத்த கையெழுத்துத் தொகைப் பங்குகளும் இனி கொடுத்தே ஆக வேண்டிய உத்தரவாதச் சம்பளமும் ஒன்றாக உச்சவரம்பில் ஏறும். அணியில் இல்லாத ஒருவருக்காக இப்படி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் தொகையை அங்கே டெட் மனி என்பார்கள். 2025 ஜூனுக்கு முன் வாட்சனை விடுவித்திருந்தால் அந்தத் தொகை என்னவாகியிருக்கும் என்று நாமே கூட்டிப் பார்க்கலாம்: மீதி இரண்டு ஆண்டுச் சம்பளம் 9.2 கோடி, முதல் கையெழுத்துத் தொகையில் மீதி சுமார் 1.8 கோடி, 2023-இல் ஒத்திவைத்ததில் மீதி சுமார் 2.7 கோடி, 2024-இல் ஒத்திவைத்ததில் மீதி சுமார் 3.6 கோடி. மொத்தம் 17 கோடியைத் தாண்டுகிறது. அந்த ஆண்டின் உச்சவரம்பே 27.92 கோடிதான். மீதிப் பணத்தில் 53 பேரை வைத்து அணி நடத்த யாராலும் முடியாது. ஆடாதவரை விடுவிக்கவும் முடியாமல் கிளீவ்லாந்து நின்றதற்குக் காரணம் பிடிவாதம் அல்ல, இந்தக் கூட்டல்தான்.

சுருக்கமாக: பெரிய ஒப்பந்தத்தின் ஆபத்தைத் தொகையின் அளவை மட்டும் பார்த்து அறிய முடியாது, எத்தனை ஆண்டுக்கு வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

உத்தரவாதம் என்ற பூட்டு

அந்த வழியை அடைத்தது உத்தரவாதம். என்எஃப்எல் ஒப்பந்தங்களில் அறிவிக்கப்படும் தொகை முழுவதும் வீரருக்குப் போய்ச்சேரும் என்பதில்லை. வீரர் காயப்பட்டாலும், ஆட்டம் குன்றினாலும், விடுவிக்கப்பட்டாலும் கொடுத்தே தீர வேண்டிய பகுதிதான் உத்தரவாதத் தொகை. மற்றதை அணி இடையில் நிறுத்திவிடலாம். வாட்சனுக்கு முன் அந்த லீக்கில் ஓர் ஒப்பந்தத்தில் இருந்த அதிகபட்ச உத்தரவாதம் சுமார் 15 கோடி டாலர்தான். அவருக்கு 23 கோடியும் உத்தரவாதம்.

ஏன் இப்படிக் கொடுத்தார்கள்? அவருடைய பழைய ஒப்பந்தத்தில், தன் சம்மதம் இல்லாமல் தன்னை வேறு அணிக்கு மாற்றக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ஆகவே ஹூஸ்டனைத் திருப்திப்படுத்தினால் மட்டும் போதாது. வாட்சனும் சம்மதிக்க வேண்டும். கிளீவ்லாந்து, கரோலினா, நியூ ஆர்லியன்ஸ், அட்லாண்டா ஆகிய நான்கு அணிகள் முன்வந்தன. கிளீவ்லாந்து போட்டியில் இல்லை என்று மார்ச் 17 அன்று தெரிவிக்கப்பட்டது. முழு உத்தரவாதத்தோடு வந்த பிறகு, மறுநாள் அவர் கிளீவ்லாந்தைத் தேர்ந்தெடுத்தார்.

ஆபத்து அதிகம் உள்ள பொருளின் விலை குறைய வேண்டும் என்பது எல்லாச் சந்தைக்கும் பொது. ஓராண்டு முழுவதும் ஆடாதவர், 22 வழக்குகளை எதிர்கொள்பவர், லீக்கின் தண்டனை நிச்சயமாக வரப்போகிறவர் என்ற நிலையில், ஆபத்தை வீரரும் அணியும் பங்குபோட்டுக்கொள்வதே இயல்பு. இங்கே நான்கு அணிகளின் அவசரம் அதைத் தலைகீழாக்கியது. எந்தப் புகாரும் இல்லாத குவாட்டர்பேக்குகளுக்கே கிடைக்காத பாதுகாப்பு அவருக்குக் கிடைத்தது. ஆபத்து முழுவதையும் கிளீவ்லாந்து தன் தலையில் ஏற்றிக்கொண்டது. பால்டிமோர் ரேவன்ஸ் உரிமையாளர் ஸ்டீவ் பிஷோட்டி அதே மாதத்தில் இந்த முழு உத்தரவாதத்தைப் பற்றி வெளிப்படையாகவே தன் அதிருப்தியைச் சொன்னார். 2023-இல் அவருடைய அணி லமார் ஜாக்சனுக்கு 26 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தபோது உத்தரவாதம் 18.5 கோடியோடு நின்றது. ஜாக்சன் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றவர். அவர் மீது எந்தப் புகாரும் இல்லை.

'குற்றச்சாட்டு பதிவாகவில்லை' என்றால் நிரபராதியா?

பொதுப்பேச்சில் மிக அதிகமாகக் குழப்பப்படுவது இந்தப் பகுதி. 2022 மார்ச் 11 அன்று டெக்சஸ் மாநிலத்தின் ஹாரிஸ் கவுன்டி கிராண்ட் ஜூரி, வாட்சன் மீதான ஒன்பது புகார்களில் குற்றச்சாட்டுப் பதிவு செய்ய மறுத்தது. அதற்கு ஒரு வாரம் கழித்துப் பரிமாற்றம் முடிந்தது. வேறொரு கவுன்டியின் கிராண்ட் ஜூரி பத்தாவது புகாரிலும் மார்ச் 24 அன்று அதே முடிவை எடுத்தது. 'அவர் நிரபராதி என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று பலர் அப்போது பேசினார்கள். அது தவறு.

கிராண்ட் ஜூரி என்பது, ஒருவர் மீது குற்ற வழக்கு நடத்தப் போதிய அடிப்படை இருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கும் பொதுமக்கள் குழு. விசாரணை மூடிய அறையில் நடக்கும். அது மறுத்தால் குற்ற வழக்கு தொடங்கவில்லை என்றுதான் பொருள். நடந்தது இது, நடக்காதது இது என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. இழப்பீடு கோரும் உரிமையியல் வழக்குக்கு அளவுகோல் வேறு: எந்தத் தரப்பின் கூற்று உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அங்கே கேள்வி. லீக்கின் தனிநபர் நடத்தை விதியோ மூன்றாவது பாதை. நீதிமன்றத்தில் தண்டனை பெறாதவரையும் அந்த விதியின் கீழ் இடைநீக்கம் செய்யலாம். ஒரு பாதை மூடியதால் மற்ற இரண்டும் மூடுவதில்லை. இதை அணியின் வழக்குரைஞர்கள் நிச்சயம் அறிந்திருப்பார்கள்.

பிறகு நடந்ததும் அதுவே. கையெழுத்துக்குப் பின் மேலும் இரண்டு வழக்குகள் சேர்ந்து எண்ணிக்கை 24 ஆனது. ஜூனில் 20 வழக்குகளிலும், ஆகஸ்டு தொடக்கத்துக்குள் மேலும் மூன்றிலும் சமரசம் ஆனது. ஹூஸ்டன் அணியும் தன் பங்குக்கு 30 பெண்களுடன் சமரசம் செய்துகொண்டது. லீக்கும் வீரர் சங்கமும் சேர்ந்து நியமித்த முன்னாள் கூட்டாட்சி நீதிபதி சூ ராபின்சன், லீக் முன்வைத்த நான்கு பெண்களின் வாக்குமூலங்களை ஆராய்ந்து, அவர் நடத்தை விதியை மீறினார் என்று முடிவுசெய்து ஆறு ஆட்ட இடைநீக்கம் விதித்தார். லீக் மேல்முறையீடு செய்தது. ஆகஸ்டு 18 அன்று 11 ஆட்ட இடைநீக்கம், 50 லட்சம் டாலர் அபராதம் என்று உடன்பாடு ஏற்பட்டது. வாட்சன் தவறு செய்யவில்லை என்ற நிலையிலேயே இருந்தார்.

இப்போது அந்த 10,35,000 டாலருக்குத் திரும்பலாம். இடைநீக்கக் காலத்தில் வீரர் இழப்பது அடிப்படைச் சம்பளத்தை மட்டுமே. ஒரு பருவத்துக்குப் பதினெட்டு வாரம் என்று பிரித்து ஓர் ஆட்டத்துக்கு ஒரு பங்கு பிடிப்பார்கள். பதினொரு ஆட்டங்களுக்கு அவர் இழந்தது 6,32,500 டாலர். ஹூஸ்டனோடு இருந்த பழைய ஒப்பந்தப்படி 2022-க்கான அடிப்படைச் சம்பளம் 3.5 கோடி டாலர்; அது தொடர்ந்திருந்தால் இழப்பு 2.1 கோடிக்கு மேல் போயிருக்கும். முதல் ஆண்டுச் சம்பளத்தைக் குறைத்து எழுதுவது தங்கள் வழக்கம் என்று கிளீவ்லாந்து நிர்வாகம் விளக்கியது. மற்ற ஒப்பந்தங்களிலும் அவர்கள் அப்படிச் செய்திருப்பதால் அந்த விளக்கத்தைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒப்பந்தத்தில் மட்டுமாவது அந்த வழக்கத்தைக் கைவிட்டிருக்க வேண்டும். தண்டனை வரப்போவது தெரிந்த நிலையில், அந்தத் தண்டனை வலிக்காத வடிவில் சம்பளத்தை எழுதிக்கொடுத்த அணி, ஒழுக்கக் கேள்வியில் நடுநிலை வகித்தோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. புகார் கொடுத்த பெண்களுக்கு அந்த ஒரு வரி என்ன சொல்லியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

விரிவாக விசாரித்துத்தான் முடிவெடுத்தோம் என்று பொது மேலாளர் ஆண்ட்ரூ பெரி சொன்னார். அந்த விசாரணையில் புகார் கொடுத்த பெண்களிடம் அணி நேரடியாகப் பேசவில்லை; குற்ற விசாரணையில் குறுக்கிட்டதாக ஆகலாம் என்ற சட்ட ஆலோசனையைக் காரணமாகச் சொன்னார்கள். அந்தக் காரணம் சரியாகவே இருக்கலாம். அப்படியானால், உண்மையை அறிய வழியில்லாத நேரத்தில் 23 கோடியை ஏன் முழு உத்தரவாதத்தில் பூட்ட வேண்டும்? காத்திருப்பதற்குத் தடை ஏதும் இல்லை. போட்டி அணிகள் முந்திவிடும் என்ற அச்சம் மட்டுமே இருந்தது. பரிமாற்றச் செய்தி வந்த நாட்களில் கிளீவ்லாந்தில் பாலியல் வன்முறைக்கு உள்ளானோருக்கு உதவும் மையத்துக்கு நன்கொடைகள் குவிந்தன. பலர் வழக்குத் தொடுத்த பெண்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் வகையில் 22 டாலர் அனுப்பினார்கள்.

களத்தில் நடந்தது, அதை எப்படி எடைபோடுவது

2022 டிசம்பர் 4 அன்று, ஹூஸ்டனில், வாட்சன் கிளீவ்லாந்துக்காக முதல்முறை ஆடினார். அந்தப் பருவத்தில் ஆறு ஆட்டம். 2023-இல் ஆறு ஆட்டத்துக்குப் பின் தோள் எலும்பு முறிவு. 2024-இல் ஏழாவது ஆட்டத்தில் குதிகால் நாண் அறுந்தது. மூன்று ஆண்டுகளில் மொத்தம் 19 ஆட்டங்கள், 9 வெற்றி, 10 தோல்வி. 2023-இல் அணியைப் பிளே-ஆஃபுக்கு இழுத்துச் சென்றவர் பருவத்தின் நடுவில் வந்து சேர்ந்த 38 வயது ஜோ ஃபிளாக்கோ. அங்கே ஹூஸ்டனிடமே 45-14 என்று தோற்றார்கள். ஐந்தாம் சுற்று உரிமை ஒன்றுக்குக் கரோலினாவுக்கு அனுப்பப்பட்ட மேஃபீல்ட், பின்னர் டாம்பா பேயில் ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆடித் தன்னை நிரூபித்து, 2024-இல் மூன்று ஆண்டுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். வாட்சனைக் கொண்டுவந்த முயற்சி பெரும் தவறாகப் போனது என்று உரிமையாளர் ஜிம்மி ஹாஸ்லம் 2025-இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

இந்தக் காயங்களைக் காட்டி 'பார்த்தீர்களா, அப்போதே சொன்னோம்' என்று வாதிடுவது சரியான வாதம் அல்ல. குதிகால் நாண் யாருக்கும் அறுந்துபோகலாம். அவர் காயமின்றிச் சிறப்பாக ஆடியிருந்தாலும் அந்த ஒப்பந்தம் மோசமான ஒப்பந்தமே. ஒரு முடிவை, அது எடுக்கப்பட்ட நாளில் தெரிந்திருந்த விவரங்களை வைத்துத்தான் எடைபோட வேண்டும். இந்த விளையாட்டில் காயம் எதிர்பாராத விபத்தல்ல, அன்றாட நிகழ்வு. அதற்கு இடமே விடாமல் ஐந்தாண்டுக்கு உத்தரவாதம் கொடுத்தது அன்றைய தவறு.

அப்படியானால் எப்போது வாங்கலாம்

சர்ச்சையில் சிக்கியவரை எந்த அணியும் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பயிற்சியாளரோடு சண்டை போட்டவரும், வாய்க்கு வந்ததைப் பேசுகிறவரும், பிறருக்குத் தீங்கு செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவர்கள் அல்லர். முதல் இரண்டு வகையையும் ஆட்டக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம். மூன்றாவது வகையில், நடந்தது என்ன என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். ஆட்டத்தின் மீது ஆசை இல்லாத ஒருவர் அதைக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை விலை பேசவே கூடாது.

2009 ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், மைக்கேல் விக்கைச் சேர்த்துக்கொண்டதை இதனோடு ஒப்பிடலாம். நாய்ச் சண்டை நடத்திய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 23 மாதத் தண்டனை பெற்றவர் அவர். பழைய அணியான அட்லாண்டா அவரை விடுவித்துவிட்டதால், ஈகிள்ஸ் ஒரு டிராஃப்ட் உரிமையையும் கொடுக்கவில்லை. முதல் ஆண்டுக்கு 16 லட்சம் டாலர். இரண்டாம் ஆண்டு வேண்டுமா என்று முடிவு செய்யும் உரிமை அணியிடம். முதல் பருவம் அவர் மாற்று ஆட்டக்காரராகவே இருந்தார். 2010-இல் சரிவிலிருந்து மீண்டு வந்தவருக்கான விருதைப் பெற்றார். பெரிய ஒப்பந்தம் 2011-இல்தான் வந்தது. அவரைச் சேர்த்ததை எதிர்த்து அந்த ஊரில் போராட்டம் நடந்தது, அதற்கு நியாயமும் இருந்தது. ஆனாலும் அங்கே உண்மை வெளிவந்திருந்தது, தண்டனை முடிந்திருந்தது, விலை ஆபத்துக்கேற்பக் குறைந்திருந்தது, விலக நினைத்தால் அடுத்த ஆண்டே விலகும் வழியும் இருந்தது. கிளீவ்லாந்தில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

2025 டிராஃப்டில் கிளீவ்லாந்து மூன்றாம் சுற்றில் டில்லன் கேப்ரியலையும், ஐந்தாம் சுற்றில் ஷெடூர் சாண்டர்ஸையும் எடுத்தது. இருவருமே குவாட்டர்பேக்குகள், இருவருமே புதுமுகச் சம்பளத்தில் வந்தவர்கள். வாட்சனின் உத்தரவாதச் சம்பளம் 2026 பருவம் வரை நீள்கிறது. ஒத்திவைத்த பங்குகளின் சுமை அதற்குப் பிறகும் அணியின் கணக்கில் இருக்கும்.